தோள் திறக்கும் சட்டை

என் நாத்தனார் ஆரல்வாய்மொழியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது கையில் ஒரு தையல் மிஷின் இருந்தது. முழு மிஷின் இல்லை, மேலே உள்ள கறுப்பு இரும்புத் தலை மட்டும். அதைப் பழைய வேட்டியில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு வடசேரிச் சந்தை வழியாக நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்குக் கல்யாணமாகி, பூதப்பாண்டியிலிருந்து அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"மைனி, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ. கை மரத்துப் போச்சு," என்றாள்.

வாங்கினேன். கனம் தாங்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் அழுதாள். அதுவும் கொஞ்ச நேரம்தான்.

விஷயம் இதுதான். மிஷின் சத்தம் தலையைக் குடைகிறது, ஒன்று மிஷின் இருக்கணும், இல்லாவிட்டால் நான் இருக்கணும் என்று அவள் மாமியார் சொல்லிவிட்டார். "அவிய வயசானவிய. அவியளைப் போங்கோண்ணு சொல்ல முடியுமா? அதான் மிஷினும் நானுமா வந்துட்டோம்," என்றாள் அவள். அவளுக்கு மாமியார்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. புருஷன் வாயைத் திறக்காமல் நின்றார் என்பதில்தான் கோபம்.

என் வீட்டுக்காரருக்கு வடசேரியில் சின்னதாக ஒரு துணிக்கடை. மத்தியானம் சாப்பிட வந்தவர் தங்கையைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். "காலு எங்க?" என்று மட்டும் கேட்டார்.

"அங்கதான் கெடக்கு. தூக்க முடியல்ல."

கால் என்றால் மிதிப்பலகையோடு கூடிய இரும்புச் சட்டம். அது இல்லாமல் மிஷின் தலையை ஒரு மரப்பெட்டியின்மேல் வைத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையால் துணியைத் தள்ளி அவள் தைக்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டு முன்கூடமான பட்டாசாலையில்தான் எல்லாம். தெருப் பெண்களுக்கு ஜம்பர் என்கிற ரவிக்கை, பிள்ளைகளுக்குக் கவுன், தலையணை உறை. சக்கரம் சுற்ற ஆள் வேண்டும் என்று என்னைப் பக்கத்தில் உட்கார்த்தினாள். சுற்றிச் சுற்றி நானும் தைக்கப் படித்தேன்.

சில மாதம் கழித்து ஒருநாள் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. மேலே சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் அந்த இரும்புக் கால். பக்கத்தில் நாத்தனாரின் புருஷன். மெலிந்த, அதிகம் பேசாத மனுஷர். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் தலைமயிர் எல்லாம் புழுதியாக நின்றது. உள்ளே இருந்த பெண்டாட்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"காலில்லாம எப்பிடித் தைப்பா? அதான் கொண்டுவந்தேன் தங்கச்சி."

அவள் வெளியே வந்து சட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். "பெல்ட்டு எங்க?"

அவர் வேட்டி மடியிலிருந்து தோல் பெல்ட்டை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்கோ, சோறு இருக்கு," என்றாள்.

அவர் திரும்பிப் போகவில்லை. கோட்டாறு சந்தையில் ஒரு மளிகை மண்டியில் வேலை பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆரல்வாய்மொழிக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவார். சாயங்காலங்களில் கரி இஸ்திரிப் பெட்டியை ஊதிப் பற்றவைத்து, தைத்த துணிகளைத் தேய்த்து அடுக்குவார். அவர் தேய்த்த மடிப்பு கோடு போட்டதுபோல நிற்கும். அண்ணன் என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. சர்க்கார் காரியம் எதுவானாலும் திருவனந்தபுரம்தான். ஊரில் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே நர்ஸாக இருந்த ஒரு பெண் எங்களிடம் ஜம்பர் தைக்கக் கொடுக்க வருவாள். திருவல்லாப் பக்கத்துக்காரி. நாங்கள் அவளை சிஸ்டர் என்போம். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவாள். பேசும்போது கையும் சேர்ந்து பேசும்.

ஒருநாள் ஜம்பர் வாங்க வந்தவள் பைக்குள்ளிருந்து ஒரு காடாத்துணிச் சட்டையை எடுத்து மிஷின்மேல் விரித்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் சட்டை. கழுத்திலிருந்து கை முனைவரை கத்திரியால் வெட்டி, ஊக்கு குத்தியிருந்தது.

"இது கண்டோ? நான்தான் வெட்டினேன். தினமும் வெட்டும். கை ஒடிஞ்ச ஆளுக்கு இதை எங்ஙனே இடும், நீ பறை."

"ஒடிஞ்ச கையை முதல்ல நுழைச்சா?" என்றாள் நாத்தனார்.

சிஸ்டர் அவளை எழுப்பி நிறுத்தினாள். பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து நாத்தனாரின் இடது கையை மடக்கி மார்போடு கட்டினாள். பைக்குள்ளிருந்து வெட்டாத இன்னொரு சட்டையை எடுத்து, "இடு," என்றாள். இவள் தலையை நுழைத்தாள். வலது கையை நுழைத்தாள். அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. சட்டை கழுத்துக்கும் முழங்கைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "மைனி, என்னை வெளிய எடுங்கோ."

நாங்கள் இரண்டுபேரும் சிரித்துக்கொண்டே இழுத்து வெளியே எடுத்தோம். முகம் சிவந்து, கொண்டை அவிழ்ந்து வந்தாள். ஆனால் அவள் சிரிக்கவில்லை. "இது கை முறியாத எனக்கு. முறிஞ்சவளுக்கு எப்பிடி இருக்கும்?" என்றாள். அன்று முழுக்க அந்த வெட்டின சட்டையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்று விசாரித்தோம். வருஷாவருஷம் டெண்டர் விடுவார்கள், வடக்கே உள்ள ஒரு பெரிய காண்டிராக்டர் எடுப்பார், தெற்குப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அவர்தான் தைத்து அனுப்புவார் என்றாள் சிஸ்டர். துணி சர்க்கார் கொடுக்கும். தையல் மட்டும் காண்டிராக்டருடையது.

முதல் வாசல் மழையால் திறந்தது. அந்த வருஷம் மழைக்காலத்தில் ஊரெல்லாம் காய்ச்சல். ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட ஆள் கிடந்தது. காண்டிராக்டரின் மூட்டை வந்து சேரவில்லை. அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கிக்கொள்ளப் பெரிய டாக்டருக்குக் கொஞ்சம் அதிகாரம் உண்டு. ஊரிலுள்ள தையல்காரர்கள் தீபாவளித் துணியில் மூழ்கிக் கிடந்தார்கள். அப்படித்தான் ஒருநாள் குடையை மடக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஸ்டோர் சார் எங்கள் பட்டாசாலையில் ஏறினார். சிஸ்டர் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

ஸ்டோர் சார் திருவனந்தபுரத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் சந்தனம். சட்டைப் பையில் மடக்குகிற அளவுகோல் ஒன்று எப்போதும் இருக்கும். படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் மடித்துத் தைக்கிற வேலை கொடுத்தார். தைத்துக் கொண்டுபோனபோது ஒவ்வொரு விரிப்பையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அளந்தார். பார்த்ததை அவரே திரும்ப மடித்து வைத்தார். "சரியாயிட்டு இருக்கு," என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த டெண்டர் அறிவிப்பு ஆஸ்பத்திரிப் பலகையில் இங்கிலீஷில் ஒட்டியிருந்தது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் ஃபாரம் வரை படித்தவள். தட்டுத்தடுமாறி வாசித்து அர்த்தம் சொன்னேன். எல்லா ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து ஒரே ஆள் எடுக்க வேண்டும் என்று இருந்தது. விரிப்பு தைத்த காசில் வாங்கியதையும் சேர்த்து அப்போது எங்களிடம் இரண்டு மிஷின்.

"இது நமக்குள்ளது இல்ல," என்றார் என் வீட்டுக்காரர். "சர்க்காருக்குக் குடுக்கதுண்ணா சும்மாவா? ஒருநாள் பிந்தினா பிடிச்சுத் தொங்கவிட்டிருவான்."

"கேட்டுப் பாக்கேன் அண்ணே. கேக்கதுக்கு டெண்டர் வேண்டாமே," என்றாள் அவள்.

என்னையும் இழுத்துக்கொண்டு நேரே பெரிய டாக்டரிடம் போனாள். அவர் நல்ல மனுஷர், ஆனால் எப்போதும் எழுந்து போகப்போகிறவர் மாதிரி நாற்காலி நுனியில்தான் உட்காருவார்.

"எத்தனை மிஷின் இருக்கு?"

"ரெண்டு சார்."

"ரெண்டு மிஷினை வச்சு இத்தனை ஆஸ்பத்திரிக்கா?"

"எல்லாத்துக்கும் முடியாது சார். இந்த ஆஸ்பத்திரிக்கு முடியும். நாங்க கேக்கது இந்த ஒண்ணைத்தான்."

"அப்படிப் பிரிச்சுக் குடுக்க ரூல்ல இடமில்லையே அம்மா."

"ரூலும் ஆரோ தச்சதுதானே சார். பிரிச்சுத் தைக்கலாமே."

நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். டாக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு சிரித்துவிட்டார். வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் மூட்டை வராமல் பட்ட பாடெல்லாம் விவரமாக எழுதி, எங்கள் ஊர் ஆஸ்பத்திரிச் சட்டைகளில் ஒரு பங்கையாவது உள்ளூரிலேயே தைக்கலாம் என்று திருவனந்தபுரத்திலிருந்து உத்தரவு வாங்கிவிட்டார். எங்கள் கடைப் பேரில் வேலை வந்தது. ஜாமீனுக்கு என் வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

துணி வந்து இறங்கியதும் சட்டை எப்படி இருக்க வேண்டும் என்று நாத்தனாரும் சிஸ்டரும் பட்டாசாலையில் உட்கார்ந்து பேசிப் பேசி முடிவு செய்தார்கள். கழுத்திலிருந்து தோள் வழியாகக் கை முனைவரை திறந்திருக்கும். நாடா வைத்து முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். நோயாளியின் கையை அசைக்கவே வேண்டாம், மேலே போர்த்தி முடிந்துவிடலாம். சிஸ்டர் துண்டால் கையைக் கட்டிக்கொண்டு போட்டுப் பார்த்தாள். கழற்றிப் பார்த்தாள். அங்கே கொஞ்சம் ஏற்று, இங்கே கொஞ்சம் இறக்கு என்றாள். பக்கத்துத் தெருவில் கிறிஸ்தவ மிஷன்காரர்களிடம் லேஸ் பின்னப் படித்த இரண்டு அக்காமார் நாடா வைக்க வந்தார்கள். எல்லாம் முடிந்து, அண்ணன் தேய்த்து அடுக்கியபோது எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

கைவண்டியில் ஏற்றிக் கொண்டுபோனோம். ஸ்டோர் சார் அலமாரியைத் திறந்து ஒரு சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் அரக்கு முத்திரையோடு ஒரு சீட்டு தொங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஸாம்பிள். எங்கள் சட்டையை அதன் பக்கத்தில் விரித்தார். தோளைத் திறந்தார். முடிந்தார். மறுபடி திறந்தார்.

"இது நல்ல சட்டை," என்றார். "பக்ஷே," ஸாம்பிளைத் தொட்டார், "இது இந்தச் சட்டை இல்லை."

"அதைவிட நல்லதுதானே சார்?" என்றாள் நாத்தனார்.

"ஆமா. பக்ஷே நல்லதா கெட்டதாண்ணு சொல்ல எனக்கு அதிகாரமில்லை அம்மா. ஸாம்பிளைப்போல இருக்கான்னு பார்க்கத்தான் என்னை இங்கே உட்கார்த்தியிருக்கு. முன்னே ஒருத்தன் சட்டையை ஒரு சாண் குறைச்சுத் தைச்சுட்டு வந்து, காற்றோட்டத்துக்கு இதுதான் நல்லதுன்னான். நான் இன்னைக்கு உங்களுதை எடுத்தா, நாளைக்கு அவனுதை எப்படித் தள்ளுவேன்?"

அவள் சட்டைகளை மறுபடி மூட்டையாகக் கட்ட ஆரம்பித்தாள். நானும்தான். அவர் சொன்னதில் தப்பு இருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மூட்டைமேல் தார்ப்பாய் போட்டுவிட்டு நாங்கள் இரண்டுபேரும் நனைந்துகொண்டே நடந்தோம். "கொண்டுபோற வழியில நனையல்ல. திரும்புத வழியில நனையுது பாருங்கோ," என்றாள்.

மறுநாள் காலையில் நாடாக்களைப் பிரிக்க உட்கார்ந்தோம். தோளை மூடித் தைக்க வேண்டும். மூடித் தைத்ததைச் சிஸ்டர் கத்திரியால் வெட்டுவாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். லேஸ்கார அக்காமாரும் வந்து உட்கார்ந்தார்கள். தெரிந்தே கெட்ட வேலை செய்வதைப்போல மனதை அரிக்கிற காரியம் வேறில்லை.

மத்தியானம் அண்ணன் சாப்பிட வந்தார். கை கழுவிவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"மாவுச் சாக்குக்க வாய் மாதிரி தச்சா என்ன?" என்றார்.

"என்ன சாக்கு?"

"கப்பல்ல வருகுல்லா, மாவு. அந்தச் சாக்கு வாயி மிஷின்ல சங்கிலி மாதிரி தச்சிருப்பான். எத்தனை பேரு இழுத்தாலும் பிரியாது. ஆனா அந்த ஒரு முனையைப் பிடிச்சு இழுத்தா மொத்தமும் சர்ருண்ணு வந்துரும். நான் தெனமும் இழுக்கேன்."

நாத்தனார் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான நாள் முதல் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். லேஸ்கார அக்கா ஒருத்தி இடுப்பிலிருந்து தன் கொக்கி ஊசியை எடுத்தாள். ஒரு துண்டுத் துணியில் கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்து ஒரு சாண் நீளம் தைத்தாள். மேலே பார்த்தால் சாதாரணத் தையல்தான். முனையைப் பிடித்து இழுத்தாள். துணி இரண்டாக விழுந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரே பேச்சும் சிரிப்பும்தான். அதற்குமேல் நாடாவைப் பிரிக்கவில்லை, பிரித்ததையும் திரும்பத் தைத்தோம். உள்பக்கமாக மடித்து மறைத்து, தோளைச் சங்கிலித் தையலால் மூடினோம். இழுக்க வேண்டிய நூல் முனை கழுத்துப் பட்டிக்குள் ஒளிந்திருக்கும். கைமுறியாத நோயாளி அப்படியே போட்டுக்கொள்ளலாம். முறிந்தவருக்கு நூலை இழுத்தால் போதும்.

மறுபடியும் கைவண்டி. மறுபடியும் ஸ்டோர் சார். ஸாம்பிளைப் பக்கத்தில் வைத்து அளந்தார். நீளம், அகலம், கை, கழுத்து. எல்லாம் பொருந்தியது. தோள்மேல் விரலை ஓட்டினார். விரல் நின்றது. கழுத்துப் பட்டியைப் புரட்டி அந்த முனையைக் கண்டுபிடித்து மெதுவாக இழுத்தார்.

சர்ரென்று தோள் முழுக்கத் திறந்தது. உள்ளிருந்த நாடாக்கள் மேசைமேல் விழுந்தன.

நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் கால்விரலைப் பார்த்தேன். ஸ்டோர் சார் நாடாவை எடுத்து முடிந்து பார்த்தார். அந்தச் சட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அளந்தார். அதன் கழுத்துப் பட்டியைத் தொடவே இல்லை. அதற்கடுத்ததையும் அப்படித்தான். கடைசிவரை.

"ஸாம்பிள்படிதான் இருக்கு," என்று கையெழுத்துப் போட்டார். "இந்த ஒண்ணு என் கை பட்டுப் பிரிஞ்சுபோச்சு. இதை இப்பவே வார்டுக்குக் குடுத்துடறேன்." பியூனைக் கூப்பிட்டுக் கொடுத்தும் விட்டார். அவர் உதட்டோரம் சிரிப்பு இருந்ததா என்று இன்றுவரை நாங்கள் இரண்டுபேரும் ஒத்துப்போனதில்லை. இருந்தது என்பேன் நான்.

அந்தச் சட்டை பெண்கள் வார்டில் ஒரு அக்காவுக்குப் போயிற்று. கதிரடிக் களத்தில் மாடு முட்டித் தோள் இறங்கிப்போனவள். சிஸ்டர் எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினாள். சட்டையை மேலே போர்த்தி, நாடாவை முடிந்ததும் அந்த அக்கா கண்ணைத் திறந்து, "போட்டாச்சா? என்னைத் தொடவே இல்லையே," என்றாள். நாத்தனார் விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். போய்ப் பார்த்தால் தண்ணீர்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குத் தெரியாமல் ஸ்டோர் சார் இன்னொரு காரியமும் செய்திருந்தார். பெரிய டாக்டரின் சிபாரிசோடு எங்கள் சட்டை ஒன்றை, தோளை நாடாவால் முடிந்த நிலையில், புது ஸாம்பிளாக வைத்துக்கொள்ளலாம் என்று திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிட்டார். மேலேயிருந்து அனுமதியும் வந்துவிட்டது. அடுத்த டெண்டர் அறிவிப்பைப் பலகையில் வாசித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. தோள் திறப்பு, நாடா, எல்லாம் இங்கிலீஷில் வரிவரியாக இருந்தது.

"திருப்பி வாசியுங்கோ மைனி," என்றாள். வாசித்தேன். "இன்னொருக்க." வாசித்தேன். பலகைக்கு முன்னால் நின்று இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டிருப்பதை அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களெல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் அந்த வருஷம் பழையபடி எல்லா ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து ஒரே டெண்டர்தான். பிரிக்கக் கூடாது என்று புது உத்தரவு. வேலை காண்டிராக்டருக்குப் போயிற்று.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. ஜம்பர் தைத்தாள். பாவாடை தைத்தாள். ஒரு தடவை மட்டும் மிதியை நிறுத்திவிட்டு, "நம்ம தோளு திருவனந்தபுரம் போயி வேற ஆளுக்க கையில வருகு பாத்தியளா," என்றாள்.

காண்டிராக்டரின் சட்டைகள் வந்தபிறகு சிஸ்டர் ஆள் அனுப்பினாள். போனோம். நாடாவை ஒற்றைத் தையலில் ஒட்டவைத்திருந்தார்கள். வண்ணான் ஒரு தடவை அடித்துத் துவைத்ததும் எல்லாம் கையோடு வந்துவிட்டது. சிஸ்டர் பழையபடி ஊக்கைத் தேடிக்கொண்டிருந்தாள். நாத்தனார் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்து அங்கேயே நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகத் தைக்க ஆரம்பித்தாள்.

"ஏட்டி, அவனுக்க சட்டைக்கு நீ ஏன் தைக்கே?" என்று கேட்டேன். எனக்கு உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது.

"சட்டை அவனுக்குள்ளது. கை இந்த அக்காவுக்குள்ளதுல்லா மைனி," என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

எல்லா ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான் போலிருக்கிறது. கொஞ்ச நாளில் காண்டிராக்டரின் ஏஜண்ட் ஒருவர் சில்க் ஜிப்பாவோடு வடசேரியில் தையல்காரர்களைத் தேடி வந்தார். யாரோ எங்கள் வீட்டைக் காட்டிவிட்டார்கள். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் காட்டினார்.

"இது கொஞ்சம் புது மாதிரி. தோள் திறக்கும். நாடா உண்டு. உங்களைப் போல உள்ளவங்களுக்கு இது புரியுமா?"

நாத்தனார் சட்டையை வாங்கி மிக அக்கறையாக முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். தோளைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "கஷ்டம்தான் சார். படிச்சுக்கிடுகோம்," என்றாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். பின்னால் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அண்ணனுக்குச் சிரிப்பில் கை நின்றுவிட்டது. கருகின வாசம் வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினார்.

வேலையை வாங்கிக்கொண்டோம். வேண்டாம் என்று சொல்லலாம் என்றார் என் வீட்டுக்காரர், அவருக்கும் ரோஷம் இருந்தது. அவள்தான் கேட்கவில்லை. நாடா இப்படித்தான் தைக்க வேண்டும், அதில் குறைக்கமாட்டோம் என்று ஏஜண்டிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். லேஸ்கார அக்காமார் வந்தார்கள். அவர்களுடைய சொந்தக்காரப் பெண்கள் வந்தார்கள். வாடகைக்கு மிஷின் பிடித்தோம். பட்டாசாலை போதாமல் என் வீட்டுக்காரர் கடையின் பின்பக்கத்தையும் ஒழித்துக் கொடுத்தார். பாறசாலை முதல் கன்னியாகுமரி வரை சட்டை எங்கள் தெருவில்தான் தைக்கப்பட்டது. பில்லில் பேர் மட்டும் வேறு.

அதுவும் அதிக நாள் நீடிக்கவில்லை. நாடா பிய்ந்த கதையை ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலிருந்தும் எழுதியிருந்தார்கள். எங்கள் டாக்டரும் ஸ்டோர் சாரும் திரும்பத் திரும்ப எழுதினார்கள். மறுவருஷம் தையல் வேலையை ஆஸ்பத்திரிவாரியாகப் பிரித்துவிட்டார்கள். அவரவர் ஊரில் உள்ள சின்ன ஆட்களும் கேட்கலாம் என்று ஆயிற்று. எங்கள் ஊர் ஆஸ்பத்திரி எங்களுக்கே கிடைத்தது. குளச்சல் பக்கம் வேலையை அங்குள்ள ஒரு முஸ்லிம் குடும்பத்தார் எடுத்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் எங்களிடம் வந்து தோளை எப்படிச் சேர்ப்பது என்று பார்த்துவிட்டுப் போனார்கள். சொல்லிக் கொடுக்காதே என்று எங்களோடு தைக்கிற ஒருத்தி காதைக் கடித்தாள். நாத்தனார் காதில் விழாததுபோல் இருந்துவிட்டாள்.

பிறகு எங்கள் தாலுகாக்கள் பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம் வந்தது. தெருவெல்லாம் தோரணம். எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் இனி எந்த ஆபீஸ் வாங்கும், எந்த ரூல் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச மாதம் பழைய ஏற்பாடே ஓடியது. அப்புறம் மதராசிலிருந்து டெண்டர் வந்தது. நாங்களும் எழுதிப்போட்டோம். சில வருஷம் கிடைத்தது, சில வருஷம் கிடைக்கவில்லை. கிடைக்காத வருஷம் ஜம்பரும் பள்ளிக்கூட யூனிபாரமும் சோறு போட்டன.

ஸ்டோர் சாரும் சிஸ்டரும் கேரளத்துப் பக்கம் வேலைக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஸ்டோர் சார் போகிற அன்று சாவியைப் புது ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, போகிற வழியில் எங்கள் வாசலில் நின்றார். "ஸாம்பிள் அலமாரியில இருக்கு. புது ஆளுகிட்டச் சொல்லியிருக்கேன்," என்றார். குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

சிஸ்டருக்குக் கவலை வேறு. "அங்ஙே எனக்கு ஆர் ஜம்பர் தைக்கும்? என் அளவு நினக்கு அல்லே அறியும்?" என்று நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவள் அந்த வாரம் வேறு வேலை எதையும் தொடவில்லை. வெள்ளையும் நீலமுமாக ஒரு அடுக்கு ஜம்பர் தைத்தாள். ஒவ்வொன்றிலும் உள்பக்கம் தாராளமாகத் துணி விட்டுவைத்தாள்.

பஸ் நிலையத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். அண்ணன் பெட்டியைத் தூக்கிப் பஸ்மேல் போட்டார். நாத்தனார் ஜன்னல் வழியாகப் பொட்டணத்தைக் கொடுத்து, "உள்ள துணி விட்டிருக்கேன். அங்க போயி தடிச்சா ஓரத்தைப் பிரிச்சு விட்டுக்கிடுங்கோ," என்றாள்.

"நான் தடிக்கில்லா," என்றாள் சிஸ்டர்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்கோ."

சிஸ்டர் சிரித்தாள். பஸ் புறப்பட்டது. நாங்கள் அது வளைவில் திரும்புகிறவரை நின்றுவிட்டு, சந்தை வழியாக நடந்து வந்தோம். வழியில் நூல்கண்டு வாங்க வேண்டியிருந்தது.